60-க்கு முன்பே வரும் மறதிநோய்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக அல்சைமர் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் நல்ல தகவல்கள் இருந்தன. ஆனால் படித்து முடிக்கும்போது, மறதிநோய் என்றாலே வயதானவர்களின் ஞாபகமறதி என்றுதான் மனதில் நிற்கிறது. இந்தியாவில் மறதிநோயாளிகள் 88 லட்சம் பேர் என்ற கணக்கும் 60 வயதைத் தொட்டவர்களை மட்டும் எண்ணியதுதான். பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடையில் தொடங்கும் ‘ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா’ என்ற வகை மறதிநோய் உள்ளவர்கள் பலர் அதற்குள் வரவே மாட்டார்கள்.

மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்குவதால் வரும் நோய் இது. முதலில் கெடுவது நடத்தை அல்லது பேச்சு. ஞாபகம் நெடுநாள் தப்பித்து நிற்கும். அரசு ஊழியரான என் அத்தான் ஐம்பதைத் தாண்டியதும் ஆளே மாறிப்போனார். போன் நம்பரெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் துக்க வீட்டில் ஜோக் அடிப்பார், இனிப்புப் பெட்டியைப் பிரித்தால் காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார், அக்கா அழுதால் ஏறிட்டும் பார்க்க மாட்டார். குடி என்றார்கள், செய்வினை என்றார்கள். மனச்சோர்வு என்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஆபீஸில் கோப்புகளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டதால் 17(பி) மெமோ, அதாவது கடும் தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக் கடிதம், தயாரானது. அது கைக்கு வருவதற்குள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொல்ல, அப்படியே கொடுத்துவிட்டார். ஸ்கேனும் நோயின் பெயரும் அப்புறம்தான் வந்தன.

இந்த முன்பின்தான் குடும்பத்தைச் சாய்த்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20(4) பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து அனுப்பக் கூடாது, பதவியும் இறக்கக் கூடாது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். நோய் என்றே தெரியாமல் தானே எழுதிக் கொடுத்து வெளியே வந்தவருக்கு இதனால் என்ன பயன்? அதே சட்டத்தின் 21 வகை ஊனங்களில் பார்க்கின்சன் பெயர் சொல்லி இருக்கிறது. மறதிநோய் இல்லை. ‘மனநோய்’ என்ற தலைப்பில் பொருத்திச் சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு இன்னும் மோசம். அத்தானுக்கு 60 ஆகவில்லை, நன்றாக நடக்கிறார், பலசாலி வேறு என்று முதியோர் இல்லத்தில் சேர்க்கவில்லை. மனநலக் காப்பகத்தில் இது மூளை நோய் என்றார்கள். 14567 முதியோருக்கான உதவி எண். 14416 என்ற ‘டெலி மானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் வயது ஒரு தடையில்லை, பராமரிப்பவர்களும் பேசலாம். இதையாவது வாசகர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நோயை நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் இதற்குப் பலன் தருவதில்லை, சிலருக்குப் படபடப்பைக் கூட்டியும் விடுகிறது. ஏடிஎம் கார்டை வாங்கி வைப்பது, போனிலிருந்து கடன் ஆப்களை நீக்குவது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை என்று பழக்குவது, இவைதான் வீட்டில் எங்களுக்குக் கைகொடுத்தன. ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2011-ல் கண்டறிந்த சி9ஓஆர்எஃப்72 மரபணு மாற்றம் இந்த நோய்க்கும், தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய்க்கும் காரணமாகிறது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் ‘எனக்கும் வருமா சித்தி?’ என்று கேட்கும் அக்கா மகளுக்குப் பதில் சொல்ல எங்கள் மாவட்டத்தில் ஒரு மரபணு ஆலோசகர் கிடைக்கவில்லை.

அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்த ஒருவரின் நடத்தை திடீரென மாறினால், குற்றச்சாட்டு மெமோ கொடுப்பதற்கு முன் அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்ப அரசு ஆணையிட வேண்டும். தாங்களும் அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்