உப்பளத்துச் சிவப்பு சாயம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேதாரண்யம் உப்பளத்தில் தண்ணீர் ரோஜா நிறமாகக் கிடக்கும் காணொளி ஒன்று 'சாயக்கழிவு உப்பு' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைக் காட்டி, எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் வியாபாரியே மூட்டைக்கு விலை குறைத்துக் கேட்கிறார். அகஸ்தியன்பள்ளியில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு உப்பளம் உண்டு. நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள்.

கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைதான். பாத்தி மாற்றி மாற்றிக் காயவிட்டு, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மீட்டர் 25 டிகிரி காட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். சிவப்பும் அந்தப் பக்குவத்தில்தான் ஏறும். அது ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரின் நிறம் (டுனாலியெல்லா என்ற பாசிக்கும் இதில் பங்குண்டு). ஆர்க்கியாவின் நிறமி செல் சவ்வில் இருக்கிறது. வெயில் செல்லைக் கெடுக்காமல் காக்கிறது.

அந்தச் சவ்வே தனி ரகம். பாக்டீரியாவின் சவ்வில் கொழுப்பு அமிலம் கிளிசராலோடு எஸ்டர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை அல்லவா? குளிர் கூடினால் பல பாக்டீரியாக்கள் நல்லெண்ணெயில் உள்ளது போன்ற கொழுப்பைச் சவ்வில் கூட்டிக்கொள்ளும். ஆர்க்கியாவில் கொழுப்பு அமிலத்துக்குப் பதில் கிளைவிட்ட கார்பன் சங்கிலி, எஸ்டருக்குப் பதில் ஈதர் பிணைப்பு. எஸ்டர் போல, காரம் பட்டால் இது சோப்பாகப் பிரியாது. உப்பில் வாழும் இனங்களுக்குச் செல்லின் பரப்பெல்லாம் எதிர்மின்சுமை. சுற்றிலும் சோடியமும் மக்னீசியமும் நெருக்கி நின்றால்தான் அது கட்டுக்குள் இருக்கும். நல்ல தண்ணீரில் விட்டால் செல் வெடித்துவிடும். சந்தேகப்படுகிறவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியடியில் ஒரு சொட்டு வைத்து, நல்ல தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். சாயம் வெடிக்காது.

இன்னொன்று. சம்பா வயலின் சேற்றில் கால் வைத்தால் கொப்புளிக்கிறதே மீத்தேன், அதை உண்டாக்குவதும் ஆர்க்கியாதான். அங்கும் ஈதர் சவ்வுதான். 1977இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இந்த மீத்தேன் கூட்டத்தை வைத்துத்தான், இவை பாக்டீரியாவே அல்ல என்று பிரித்துக் காட்டினார்கள். நான் படித்த பாடப்புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது.

சிவந்த பாத்தி வெயிலைக் கூடுதலாக வாங்கிச் சீக்கிரம் காயும். எங்களுக்கு அது லாபமே. வாரிக் குவித்துத் தண்ணீர் வடிந்தால் உப்பு வெள்ளைதான். அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். முடிவு எதுவானாலும் உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள். அடுத்த லோடுக்கு முன்னால் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அகஸ்தியன்பள்ளி