கடைசி ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம்

ஈலிங், லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணி, பிள்ளைகள் நலமா? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து ரயிலில் தூங்கிப்போனாலும் பயமில்லை. ஈலிங் பிராட்வேதான் கடைசி ஸ்டேஷன். வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சந்து, கீழே இறங்கும் படிக்கட்டு, சுவரில் ஒரு நீலப் பலகை. ஒரு வருஷமாகத் தாண்டிப் போகிறேன், போன வாரம்தான் நின்று படித்தேன். அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் என்ற இரண்டு இசைக்காரர்கள் 1962 மார்ச் 17 அன்று புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் இசையை வாசிக்கத் தொடங்கிய இடம் அது. பலகையைப் படித்ததிலிருந்து கார்னரைப் பற்றித்தான் தேடிப் படிக்கிறேன்.

கார்னரும் வந்தேறிதான். 1928இல் பாரிஸில் பிறந்தவர், அப்பா ஆஸ்திரிய யூதர். போர்க்காலத்தில், 1940இல், லண்டன் வந்து சேர்ந்த பையன், விமானத் தாக்குதலுக்கு நடுவே ஜிம்மி யான்சி என்ற அமெரிக்கரின் பியானோ இசைத்தட்டைக் கேட்டு மயங்கியிருக்கிறான். கிட்டார் அப்புறம் வந்தது.

முதலில் நடு லண்டனில், சோஹோவில் ஒரு பப்பின் மாடியில் கார்னரும் டேவிஸும் கிளப் நடத்தினார்கள். ஆம்ப்ளிஃபயர் வைத்ததும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் இந்தக் கோடிக்கு வந்தார்கள். கூட்டத்தின் வியர்வை ஆவியாகி கூரையிலிருந்து சொட்டுமாம், மேடைக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்களாம். மாரியம்மன் திருவிழா மழையில் நீங்கள் ஆம்ப்ளிஃபயருக்குச் சாக்கு போர்த்தியது ஞாபகம் வந்தது.

கார்னரைப் பெரிய கிட்டார் வித்தகர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எவன் வந்து கேட்டாலும் மேடையில் ஏற்றிவிடுவார். அதே 1962 ஜூலை 12 அன்று அவர் குழுவுக்கு பிபிசி வானொலியில் நிகழ்ச்சி. ஆறு பேருக்குத்தான் சம்பளம் என்றதால், குழுவில் அவ்வப்போது பாடிய மிக் ஜாகருக்கு இடமில்லை. குழு வழக்கமாக வாசிக்கும் மார்க்கீ கிளப்புக்கு அன்று வராததால், அந்த மேடையில் ஜாகரும் கூட்டாளிகளும் ஏறினார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் முதல் கச்சேரி அதுதான்! கார்னரிடம் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸும் பிறகு அவர்களோடு சேர்ந்துவிட்டார். பின்னாளில் க்ரீம் என்ற ராக் குழுவில் பெயர் வாங்கிய ஜிஞ்சர் பேக்கர், ஜாக் புரூஸ் எல்லோரும் இவரிடம் இருந்துவிட்டுப் போனவர்கள்தான்.

ஜாஸ் ஆசையில் கார்னர் குழுவில் சாக்ஸபோன் சேர்த்தார். சுத்தமான சிகாகோ புளூஸ்தான் வேண்டும் என்ற டேவிஸ் அந்த வருஷமே பிரிந்துவிட்டார். கார்னருக்கு ஒரு ஹிட் பாட்டு அமைய 1970 ஆனது, சிசிஎஸ் என்ற பெரிய பேண்டோடு. 1984 புத்தாண்டு அன்று இறந்தார், 55 வயது.

அப்புறம், நம் குழுவில் கீபோர்டு பையனும் சென்னைக்குப் போய்விட்டானாமே? அண்ணி சொன்னாள். திருவிழாவுக்கு யார் வாசிக்கிறார்கள்? பொங்கலுக்கு வரும்போது உங்கள் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் வாங்கி வருகிறேன். எத்தனை செட் வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
சேகர்