இந்தக் குழந்தைகளின் காய்ச்சலுக்கு இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பதறாமல் பாரசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சரிதான். ஆனால் எங்கள் கூடலூர் பக்கம் சில குழந்தைகளுக்கு அந்த இரண்டு நாள் உயிருக்கே ஆபத்தாக முடியும். சிக்கிள் செல் என்கிற அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளைச் சொல்கிறேன்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் 26 வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு வருடம் ஆடி மாதம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு ராத்திரி காய்ச்சல். மெலிந்த பிள்ளை, கண் எப்போதும் லேசாக மஞ்சளாக இருக்கும். பக்கத்து கிளினிக்கில் காய்ச்சல் மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பிள்ளைக்கு நினைவில்லை. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் போராடித்தான் காப்பாற்றினார்கள். அவளுக்கு சிக்கிள் செல் நோய் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவள் அம்மா என்னிடம், "டீச்சரே, இவ தம்பிக்கும் இப்படித்தான் வந்துச்சு, ஒரே ராத்திரியில போயிட்டான், ஜன்னின்னு சொன்னாங்க" என்றார். அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயது. யாரும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

இதில் வேதனை என்னவென்றால், இந்தியாவில் இந்த நோயின் தடம் முதன்முதலில் தெரிந்ததே எங்கள் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தில் கண்டு எழுதினார்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பணியர், இருளர், குறும்பர் பிள்ளைகளிடம் நாங்கள் இன்றும் பார்க்கிறோம், வயநாட்டுச் செட்டி குடும்பங்களிலும் இருக்கிறது.

காய்ச்சல் ஏன் இவ்வளவு ஆபத்து என்று அப்போது ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. கை கால் வீங்கி, தொட்டாலே குழந்தை வீரிட்டு அழுவது அதனால்தான். நம் பக்கம் அதைச் சுளுக்கு என்று நினைத்து உருவி விடுவார்கள், பாவம். அதே அடைப்பு மண்ணீரலையும் சின்ன வயதிலேயே கெடுத்துவிடுகிறது. ரத்தத்தில் நுழையும் கிருமியை வடிகட்டுவது மண்ணீரல். அது வேலை செய்யாத குழந்தைக்கு நியுமோகாக்கஸ் போன்ற கிருமி வந்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். அதனால் 101 டிகிரியைத் தாண்டினாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும்.

தடுக்கவும் வழி இருக்கிறது. சிக்கிள் செல் நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஐந்து வயது வரையாவது தினமும் இருவேளை பென்சிலின் கொடுக்க வேண்டும். 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பென்சிலின் எடுத்த குழந்தைகளுக்கு இந்தத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இத்தனை மலிவான மாத்திரை! நியுமோகாக்கல் தடுப்பூசியும் இப்போது அரசு அட்டவணையில் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் ஊசி போட்டாயிற்று என்று காய்ச்சலை அலட்சியப்படுத்தவும் முடியாது. ஊசிக்கு அடங்காத வகைக் கிருமிகளும் இருக்கின்றன. வலி அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கு ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து நன்றாக உதவுகிறது. நான் சொன்ன அந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் அதை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாள்.

வெளுத்துப்போன பிள்ளை என்றாலே இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். இங்கே குறைவது எப்போதும் இரும்பு அல்ல. சாதாரணமாக 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு இந்த நோயில் இருபது நாளுக்குள்ளேயே உடைந்துவிடுகிறது. சிக்கிள் செல் இருக்கிறதா என்று பார்க்க முகாம்களில் முதலில் செய்யும் கரைதிறன் சோதனையோடும் விடக்கூடாது. அது நோயா, வெறும் கடத்தியா (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவரா) என்று பிரித்துக் காட்டாது, கைக்குழந்தைகளுக்கு ஏமாற்றவும் செய்யும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை வரை போக வேண்டும்.

2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிப் பரிசோதனைகள் நடத்தி, முடிவைக் குறித்த அட்டையும் கொடுக்கிறது. மிகவும் நல்ல காரியம். ஆனால் அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, காய்ச்சல் வந்ததும் மருந்துக் கடைக்குப் போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி’ என்று அட்டை மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்ட பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், மலைப்பாதையில் போகும் நேரத்தில் நோய் முற்றிவிடுகிறது. அப்புறம், விடுதிக் காப்பாளர் கையில் இந்தப் பிள்ளைகளின் பட்டியலும் ஒரு தெர்மாமீட்டரும் ராத்திரியில் கூப்பிட ஒரு வண்டியின் நம்பரும் இருக்க வேண்டும். எங்களிடம் அன்று இந்த மூன்றில் எதுவுமே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.