எந்த இடத்துக் கொழுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்மறி இனங்களின் கொழுப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், கொழுப்புக்கு ஒரு மரபணு இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டால் நல்ல கறி கிடைத்துவிடும் என்பது போல அது முடிந்தது எனக்கு உறுத்துகிறது. எந்த இடத்துக் கொழுப்பு என்று கட்டுரை கேட்கவே இல்லையே!

பிறந்த குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றி இருப்பது பழுப்புக் கொழுப்பு. அதன் செல்களில் உள்ள யுசிபி1 என்ற புரதத்தின் உதவியால் அது எரிந்து உடம்புக்குச் சூடு தருகிறது. ஈர உடம்போடு குளிரில் பிறந்து விழும் குட்டி பிழைக்க இந்தச் சூடு வேண்டும். சில வாரங்களில் அதே கொழுப்பு, ஆற்றலைச் சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பாக மாறிவிடும். வளர வளர, முதலில் வயிற்றுக்குள்ளும், பிறகு தசைகளுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும், கடைசியாகத் தசைக்கு உள்ளேயும் கொழுப்பு படிகிறது. கறிக்குச் சாறும் ருசியும் தருவதில் அந்தக் கடைசிக் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் எப்படி ஒழிப்பது?

அப்புறம் வால். உலகச் செம்மறிகளில் ஏறத்தாழ கால்வாசி, அவாசி, கரகுல் போன்ற கொழுத்த வால் இனங்கள். இவற்றின் காட்டு மூதாதையான மவுஃப்ளானுக்கு வால் மெல்லியது, குட்டையானது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மெசபடோமியக் கல் பாத்திரம் ஒன்றிலேயே கொழுத்த வால் ஆடு செதுக்கப்பட்டிருக்கிறது. மேய்ச்சல் வற்றிய மாதங்களில் அந்த வால்தான் ஆட்டைத் தாங்குகிறது. கொழுத்த வால், மெல்லிய வால் என இரு வகை இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட பல ஆய்வுகளில் பிடிஜிஎஃப்டி, பிஎம்பி2 என்ற மரபணுக்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. வாலின் நீளத்தோடு தொடர்புடைய டிபிஎக்ஸ்டி வேறொரு மரபணு. இவற்றில் எதையும் தனியாக எடுத்துக் கொழுப்பு மரபணு என்று பெயர் வைக்க முடியாது. கொழுத்த வால் ஆட்டுக்குக் குட்டியிலேயே வாலை நறுக்கிவிட்டாலும், கொழுப்பில் ஒரு பங்கு உடம்பின் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

சரி, கொழுப்பைக் குறைத்த மரபணு மாற்றங்களே இல்லையா? இருக்கின்றன. டெக்செல் என்ற செம்மறி இனத்தில் மயோஸ்டாட்டின் மரபணுவின் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதை 2006இல் கண்டறிந்தார்கள். மரபணுக்களின் வேலையை அடக்கும் சிறு மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்என்ஏக்களில், தசையில் நிறைந்திருக்கும் இரண்டு அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் புரதத்தைக் குறைத்துவிடுகின்றன. தசை கூடுகிறது, கொழுப்பு குறைகிறது.

இதைவிட வியப்பானது காலிபிஜ் என்ற மரபணு மாற்றம். 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த டார்செட் இனக் கிடா ஒன்றிடமிருந்து பரவிய மாற்றம் இது. தந்தையிடமிருந்து மாறிய பிரதியும் தாயிடமிருந்து சாதாரணப் பிரதியும் பெற்ற குட்டிக்கு மட்டுமே பின்தொடைகள் திரண்டு வரும். இரு பக்கமும் மாறிய பிரதியே வந்தால் குட்டி சாதாரணமாகத்தான் இருக்கும்! பண்புகள் பரம்பரையாக வருவது பற்றிய மெண்டல் விதிகளை மனப்பாடம் செய்த எந்த மாணவரையும் இது திகைக்க வைக்கும். மாற்றம் இருப்பது டிஎல்கே1 மரபணுவுக்குப் பக்கத்தில்; கொழுப்பு செல் உருவாவதைத் தடுக்கும் புரதத்தை அந்த மரபணுதான் தருகிறது. தீனி குறைவு, கறி அதிகம், கொழுப்பு கம்மி. ஆனால் அந்த ஆட்டின் முதுகுக் கறி மெல்ல முடியாத அளவுக்குக் கடினமாகிப்போனது. உங்கள் கட்டுரை சொன்ன வழியில் போய்ப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

கொழுத்த வால் இனங்களை மெல்லிய வால் கிடாக்களோடு கலக்கச் சொல்லும் பகுதியையும் மறுபடி பார்க்க வேண்டுகிறேன். கலப்புக் குட்டியின் எடையோடு நிறுத்தாமல், வால், வயிறு, தோலடி, தசை என ஒவ்வோர் இடத்துக் கொழுப்பையும் தனித்தனியாக அளக்க வேண்டும். வறட்சியில் அந்தக் குட்டி எப்படித் தாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த இதழில் இதை ஒரு குறிப்பாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மரபியலில் ஈடுபாடு கொண்ட வாசகி