கெந்திங் போகுமுன்: புஷ்பாவுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள புஷ்பா,

உன் கடிதமும் பேரப்பிள்ளைகளின் படமும் கிடைத்தன. சின்னவன் அப்படியே உன் வீட்டுக்காரர் சாயல். இங்கே எல்லாரும் சுகம். மத்தியானம் ஆனால் மழை பிடித்துக்கொள்கிறது. நம் பழைய தோட்டத்து லயவீடுகள் இருந்த பக்கம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது, ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. மற்ற கதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம். கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன்.

பள்ளி விடுமுறையில் மகன் எல்லாரையும் கெந்திங் மலைக்குக் கூட்டிப்போகிறான், கேபிள் கார், அறை, தீம் பார்க் எல்லாம் பதிந்தாகிவிட்டது, அடைபட்ட இடம் என்றாலே பயமாக இருக்கிறது, முட்டிவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடலாமா என்கிறாய். வேண்டாம். இந்தத் தடவை முட்டிவலி என்றால் அடுத்த தடவையும் முட்டிவலிதான் வரும், அதற்குள் பயம் இன்னொரு சுற்றுப் பெருத்திருக்கும். அதற்காக எல்லாவற்றிலும் ஏறு என்றும் சொல்லமாட்டேன். எதில் ஏறுவது, எதை விடுவது என்று இப்போதே வீட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொள். வரிசையில் பின்னால் நாற்பது பேர் நெருக்கும்போது எடுக்கிற முடிவு சரியாக வராது.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே 272 படி ஏறுகிறவள் நீ. அங்கே வராத படபடப்பு, நாலு பேர் நிற்கிற லிப்டில் கதவு மூடியதும் வருகிறதென்றால் கூட்டம் உன் பிரச்சினை இல்லை. அடைபட்ட இடத்துப் பயத்தில் இரண்டு வகை உண்டு. அசைய முடியாது, நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது என்பது ஒன்று. காற்றுப் போதாது, மூச்சு முட்டிவிடும் என்பது இன்னொன்று. சிலருக்கு ஒன்று மட்டும், சிலருக்கு இரண்டும். உனக்கு எது தூக்கல் என்று யோசித்துப் பார். முதலாவது என்றால் ரைடுகளில் மடிமேல் வந்து பூட்டுகிற கம்பிதான் சங்கடம். இரண்டாவது என்றால் லிப்ட், கேபிள் கார் பெட்டி, இருட்டறை.

மூச்சு முட்டுகிறது என்கிறாயே, அந்த நேரத்தில் உடம்பில் நடப்பது நீ நினைப்பதற்கு நேர் எதிர். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் இருக்கும் கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் நுனி குறுகுறுப்பதும், உதடு மரப்பதும், தலை லேசாவதும் அதனால்தான். காற்றுக் குறைவதில்லை, தேவைக்கு மேல் இழுக்கிறாய். "நல்லா இழுத்து மூச்சு விடும்மா" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்களே, அது இன்னும் மோசமாக்கும். காகிதப் பையில் மூச்சு விடுகிற பழைய வைத்தியமும் வேண்டாம். ஆஸ்துமாவோ இருதயக் கோளாறோ இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

செய்ய வேண்டியது இது: வாயை மூடி, மூக்கால் நாலு எண்ணும்வரை சாதாரணமாக இழு. ஆறு எண்ணும்வரை மெதுவாக விடு. வயிறு ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக்கூடாது. இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தினமும் ஐந்து நிமிடம், சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பழகு. முதல் தடவையாகக் கேபிள் கார் பெட்டிக்குள் முயற்சி செய்தால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலும் அந்தப் படபடப்பு சுமார் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறாய். மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் விழும்போது வருவது; பதற்றத்தில் அழுத்தம் ஏறும். அதனால் அப்படி விழுவது அபூர்வம்.

பயணத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கிறதல்லவா, கிள்ளானிலேயே பயிற்சி ஆரம்பி. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடு. உளவியல்காரர்கள் போடுகிற கணக்குத்தான் இது. 30 அளவில் இருப்பதில் தொடங்கு. லிப்ட் என்றால், முதலில் ஆளில்லாத நேரத்தில் உள்ளே போய்க் கதவு திறக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு நில். பிறகு கதவை மூடி ஒரு மாடி. பிறகு மூன்று மாடி, மகள் கூட. பிறகு தனியாக. கடைசியில் கூட்ட நேரத்தில், பின்சுவரை ஒட்டி நின்று. அது பழகியதும் கொமுட்டர் ரயில். கிள்ளானில் ஏறி அடுத்த ஸ்டேஷன் புக்கிட் பாடாக்கில் இறங்கு. கதவு மூடிய பெட்டி, சில நிமிடத்துக்கு இறங்க வழியில்லை. கேபிள் காருக்கு இதைவிடப் பொருத்தமான ஒத்திகை கிடைக்காது. அது 30க்கு வந்ததும் ஷா ஆலாம் வரை நீட்டு. பெண்கள் பெட்டியில் ஏறினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஒவ்வொரு தடவையும் ஏறுமுன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாயோ அதை அப்படியே எழுதிவிடு. "மூன்றாவது மாடிக்குள் மயங்கிவிடுவேன்" என்று எழுது. இறங்கியதும் நடந்ததை அதற்குப் பக்கத்தில் எழுது. தைரியம் தைரியம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதைவிட அந்த இரண்டு வரியும் நூறு மடங்கு வேலை செய்யும். மதிப்பெண் பாதியாக இறங்கும்வரை விடாமல் திரும்பத் திரும்பச் செய். 80இல் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். ஓட நேர்ந்தாலும் பரவாயில்லை, வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அன்றைக்கே திரும்ப உள்ளே போ. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே.

கைப்பையில் கோடாலித் தைலம் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். மோந்துகொள், தப்பில்லை. ஆனால் அது இல்லாமல் ஏறவே மாட்டேன் என்ற நிலை வந்தால் அதுவும் ஒரு ஊன்றுகோல் ஆகிவிடும். கடைசிப் பயிற்சிகளில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

இனி கேபிள் கார். அவானா ஸ்கைவேயில் ஒரு பெட்டிக்குப் பத்துப் பேர் உட்காரலாம், மேலே போய்ச் சேர ஏறக்குறைய பத்து நிமிடம். நடுவில் சின் ஸ்வீ கோயில் நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கிக்கொள்ளலாம். உனக்கு நான் சொல்வது: பயணத்தை இரண்டாக வெட்டு. சின் ஸ்வீயில் இறங்கிக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதிப்பெண் குறைந்ததும் மறுபடி ஏறு. காலையில் சீக்கிரம் போனால் வேற்று ஆட்கள் இல்லாமல் உங்கள் குடும்பம் மட்டும் ஒரு பெட்டியில் போக வாய்ப்பு அதிகம். வரிசையை ஒழுங்கு செய்கிற பணியாளரிடம் மகனை ஒரு வார்த்தை கேட்கச் சொல். கண்ணாடித் தரை போட்ட பெட்டிகளும் உண்டு, அவை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. பெட்டிக்குள் காற்று வருகிற திறப்பு எங்கே என்று பார்த்து அதன் பக்கம் உட்கார். கண்ணைக் கீழே தாழ்த்தாமல் தூரத்துக் காட்டைப் பார். மூடுபனி வந்து ஒன்றுமே தெரியாமல் போனால் பேரனின் முகத்தைப் பார்.

நடுவானில் பெட்டி மெதுவாகும், சில நேரம் அப்படியே நிற்கும். இது நடந்தே தீரும் என்று எதிர்பார்த்து ஏறு. நிலையத்தில் சக்கர நாற்காலியில் யாராவது ஏறினாலோ, வயதானவர் தடுமாறினாலோ, எல்லாப் பெட்டியும் ஒரே கயிற்றில் ஓடுவதால் மொத்தமும் வேகம் குறையும். பழுது என்று நினைத்துவிடாதே. நின்றவுடன் மூச்சை எண்ண ஆரம்பி. இடி மின்னல் இருந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குச் சாலை வழியாகப் போகலாம். இறங்கும்போதும் சாலையா கேபிள் காரா என்பது உன் இஷ்டம். ஏறியதே போதும் என்று தோன்றினால் காரில் இறங்கு, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஒன்று கவனி. கெந்திங் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கிள்ளானைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. படி ஏறினால் நம் வயசுக்கு லேசாக மேல்மூச்சு வாங்கும், ஏறும் வழியில் காது அடைக்கும். பயம் பிடித்தவர்கள் இதை "ஆரம்பிச்சிடுச்சு" என்று எடுத்துக்கொண்டு நிஜமாகவே ஆரம்பித்துவைப்பார்கள். வாயில் ஒரு ஆசாம், அதான் அந்தப் புளிப்புப் பழ வற்றல், போட்டு மென்றுகொண்டே இரு, காது திறந்துவிடும்.

பூங்காவுக்கு வருவோம். 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தவெளி என்பதால் நடந்து சுற்றுவது உனக்குச் சுலபம். பக்கத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் ஸ்கைட்ரோபொலிஸில் சத்தமும் வெளிச்சமும் அதிகம், அங்கே நீண்ட நேரம் நிற்காதே. ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இருதயம், இரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி, சில இடங்களில் அடைபட்ட இடத்துப் பயமும். உனக்கு பிரஷர் இருப்பதால் ரோலர் கோஸ்டர் பேச்சே வேண்டாம், அது பயத்தோடு சம்பந்தப்பட்ட முடிவே இல்லை. ஆனால் பேரன் கையைப் பிடித்து இழுக்கிற மெதுவான இருட்டு ரைடுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறுமுன் பணியாளரிடம் நாலு கேள்வி கேள்: எத்தனை நிமிடம்? முழு இருட்டா? ஏறுவதற்கு முன் கதவை மூடி நிற்கவைக்கிற அறை உண்டா? கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றால் எந்த வழியாக வெளியே வரலாம்? நாலாவதற்குக் கூச்சப்படாதே. பெரிய ரைடுகளில் ஏறுமிடத்துக்குப் பக்கத்திலேயே பின்வாங்குபவர்களுக்காக வழி வைத்திருப்பார்கள், தினமும் எத்தனையோ பேர் அதில் போகிறார்கள்.

கம்பி பூட்டும் தருணத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் உடைவது அங்கேதான். பல பூங்காக்களில் வாசலில் மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். இருந்தால் உட்கார்ந்து கம்பியைக் கீழே இழுத்துப் பார். எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போயிற்று. இருக்கையில் முதுகு ஒட்ட நிமிர்ந்து உட்கார். சரிந்து உட்கார்ந்தால் கம்பி வயிற்றில் இறங்கி, நடுவில் நிமிர நினைத்தாலும் முடியாது. சிலவற்றில் ஓட ஓட இன்னும் ஒரு பல் இறுகும், அது இயல்பு. இன்னொன்று யாரும் சொல்வதில்லை: ரைடு முடிந்து நிலையத்துக்குள் வருமுன், முன்னால் போன வண்டி காலியாகும்வரை உங்கள் வண்டி வெளியே நிற்கும். ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம், கம்பி திறக்காது. இரண்டு வண்டி ஒரே இடத்துக்கு வராமல் தடுக்கிற ஏற்பாடு அது. முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் பூட்டிக் கிடப்பதால் பலருக்குப் படபடப்பு அங்கேதான் வருகிறது. இருட்டு ரைடு நடுவில் நின்றுவிட்டால் விளக்கைப் போட்டு ஆள் வருவார்கள். பச்சை நிற 'கெலுவார்' பலகை கண்ணில் படும். ஆனாலும் நீயாக இறங்கக்கூடாது, வண்டி திடீரென்று நகரலாம்.

பேய் வீடு வேண்டாம். குழாய் போல மூடிய தண்ணீர்ச் சறுக்கும் வேண்டாம், முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது மூச்சு எண்ண முடியாது. மேலே திறந்த சறுக்கில் உட்காரலாம். அதற்கு ஆசை என்றால் முதலில் இங்கே வா, தம்புன் தண்ணீர்ப் பூங்கா பக்கத்தில்தான், நானும் கூட வருகிறேன்.

அன்றைக்குக் காலையில் பசியாறாமல் கிளம்பாதே. சர்க்கரைக்கு நீ சாப்பிடுகிற மாத்திரை கிளிக்ளாசைட் வகையாக இருந்தால், வெறும் வயிற்றோடு நடக்கும்போது சர்க்கரை இறங்கி வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரும். பார்ப்பதற்குப் பயம் மாதிரியே இருக்கும். சர்க்கரை பார்க்கிற கருவியைக் கையில் வைத்துக்கொள். 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார். கோப்பி, தே தாரேக் அன்றைக்கு ஒன்றோடு நிறுத்து. பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கிற பயத்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதே: தூக்கக் கலக்கத்தில் படியில் விழுவாய், அதில் ஒரு வகை ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சையே அடைக்கும். மாத்திரை தேவையா என்று அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டர் பார்க்கட்டும், 1 வெள்ளிதானே. பயம் அன்றாட வேலையையே கெடுக்கிறது என்றால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். பேசிப் பார்க்க மட்டும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. ஆனால் நெஞ்சில் பாரம் வைத்தது போல வலித்து, கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராதே, 999ஐ அழைக்கச் சொல்.

மகனிடம் இந்தப் பத்தியைக் காட்டு: தம்பி, அம்மாவுக்குப் படபடப்பு வரும்போது "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லாதே, கையைப் பிடித்து உள்ளே இழுக்காதே, நாலு பேர் கூடி நின்று விசிறாதே. ஒருவர் மட்டும் பக்கத்தில் இரு. "இப்ப எத்தனை மார்க்?" என்று கேள், கூடச் சேர்ந்து ஆறு எண்ணு. வரிசையில் அம்மாவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நம் ஆளாக நில்லுங்கள்.

ஹோட்டலில் கீழ்மாடி அறையாகக் கேட்கச் சொல். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் என்றால் ஏழாயிரத்துக்கு மேல் அறை, அறை காலி செய்கிற நேரத்தில் லிப்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஒரு மணி நேரம் முந்திப் பெட்டியைக் கட்டிவிடுங்கள். எந்தத் தேதி என்று எழுது. முடிந்தால் அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் வந்து தங்கு, ஈப்போவில் லிப்டுக்குப் பஞ்சமில்லை.

அன்புடன்,
மல்லிகா