'படம்: இணையம்'ங்கறது யாரோட பேரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்போட கடைசிப் பக்கத்துல வாராவாரம் தெரு ஓவியம், குட்டி பொம்மை, கிறுக்குத்தனமான கண்காட்சின்னு ஏதாவது ஒண்ணு வருது. பேப்பர் வந்ததும் நான் முதல்ல பிரிக்கிறதே அந்தப் பக்கம்தான், அதனால இதை சண்டை போடற லெட்டரா எடுத்துக்காதீங்க, ஆசையா பாக்கிற ஒருத்தன் பொறுக்க முடியாம எழுதறது.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தீங்க. ஒரு அப்பா கையில துப்பாக்கி, பக்கத்துல சின்னப் பொண்ணு, முன்னால செத்துக் கெடக்கிற ராட்சசத் தேனீ. மேல "அசர வைக்கும் குட்டி உலகம்"னு தலைப்பு, கீழ பொடி எழுத்துல "படம்: இணையம்". முடிஞ்சுது. இணையம்னு ஒருத்தர் உக்காந்து அந்த பொம்மைக்கு பெயின்ட் அடிச்சாரா சார்?

அதை செஞ்சவர் பேரு ஸ்லிங்காச்சு. 2006ல இருந்து லண்டன் தெருக்கள்ல இதே வேலையா இருக்கார். விளையாட்டு ரயில் செட்டோட விக்கிற விரல் நகம் சைஸ் மனுஷ பொம்மைங்க இருக்கில்ல, அதை வாங்கி கையைக் காலை மாத்தி ஒட்டி, கலர் அடிச்சு, நடைபாதை ஓரத்துல வெச்சு போட்டோ எடுத்துட்டு அங்கயே விட்டுட்டுப் போயிடுவார், அப்புறம் அது யார் செருப்புல ஒட்டிக்கிட்டுப் போச்சோ யாருக்குத் தெரியும். நீங்க போட்ட படத்துக்கு அவர் வெச்ச தலைப்பு, நம்ம பாஷையில சொன்னா, 'அதெல்லாம் வளக்கிற பிராணி இல்ல, சூசன்'. இந்த ஒரு வரி தெரிஞ்சா படமே வேற ஆயிடுது பாருங்க. பொண்ணு அந்தத் தேனீயைக் கொஞ்சப் போயிருக்கா, அப்பன் சுட்டுட்டான், இப்ப சமாதானம் சொல்றான். உங்க தலைப்புல இது எங்க இருக்கு?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒண்ணு இருக்கு. அவர் வழக்கமா ரெண்டு போட்டோ சேத்துத்தான் காட்டுவார், ஒண்ணு கிட்டக்க, இன்னொண்ணு தள்ளி நின்னு. தள்ளி எடுத்ததுல வெறும் தெருதான் தெரியும், பொம்மை எங்கன்னு தேடணும், தேடிக் கண்டுபிடிச்சதும் சிரிப்பும் வரும், அடப்பாவமேன்னும் இருக்கும், இவ்ளோ பெரிய ஊர்ல இத்துனூண்டு மனுஷன் என்ன பண்றான்னு. நீங்க அந்த ரெண்டாவது போட்டோவை விட்டுட்டீங்க. ஜோக் சொல்லிட்டு கடைசி வரியை முழுங்கின மாதிரி.

எனக்கு இது ஏன் இவ்ளோ உறுத்துதுன்னா நானும் படம் வரைஞ்சு பொழைக்கிறவன். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பத்திரிகைக்கு (பேரு வேண்டாம்) ஒரு எறும்பு வரைஞ்சு குடுத்தேன். முழுப் பக்கமும் வெத்தா இருக்கும், கீழ வலது மூலையில மட்டும் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய சூட்கேஸை இழுத்துக்கிட்டுப் போகும், அதுக்கு முன்னால போக வேண்டிய தூரம் பூரா வெள்ளைப் பேப்பர். அச்சுல வந்தப்ப பாத்தா வெத்து எடம் வேஸ்ட்டுன்னு வெட்டிட்டு எறும்பை மட்டும் அரைப் பக்கத்துக்கு பெருசாக்கிட்டாங்க. எறும்பு யானை மாதிரி நிக்குது, சூட்கேஸோட கைப்பிடி பாதி காணோம். போன் பண்ணிக் கேட்டா "நல்லா தெரியறதுக்காகத்தான் சார் பெருசு பண்ணோம்"னாங்க. நான் என்னத்தச் சொல்ல.

இந்த மாதிரி வேலையில வேடிக்கை பாதி படத்துல இருக்கும், மீதி அது இருக்கிற எடத்துல இருக்கும். நடைபாதையில சாக்பீஸ்ல பள்ளம், கிணறு எல்லாம் நிஜமா இருக்கிற மாதிரி வரையற ஜூலியன் பீவரோட ஓவியத்தையும் முன்ன ஒரு தரம் போட்டீங்க. அது ஒரே ஒரு எடத்துல நின்னு பாத்தாத்தான் அப்படித் தெரியும், எதிர்ப்பக்கம் போய் நின்னா யாரோ ரப்பரை இழுத்து விட்ட மாதிரி கோணல்மாணலா நீண்டு கெடக்கும், அந்த ஒரு எடத்துல இருந்து நிஜம் மாதிரி தெரியணும்னுதான் அவரும் கணக்குப் போட்டு இழுத்து இழுத்து வரையறார். அந்தக் கோணல் போட்டோவையும் பக்கத்துல போட்டிருந்தா, 'மாயாஜாலம்'ங்கற வார்த்தையே உங்களுக்கு தேவைப்பட்டிருக்காது, பிள்ளைங்க அன்னிக்கே சாக்பீஸைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடியிருக்கும்.

எடம்தான் வேடிக்கைங்கறதுக்கு இன்னொண்ணு சொல்றேன். இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல க்ளெட் ஆப்ரஹாம்னு ஒருத்தர் 'நுழையாதே' போர்டுல இருக்கிற வெள்ளைப் பட்டையை ஒரு ஆளு தூக்கிட்டுப் போற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுவார். போர்டு சொல்ற விஷயம் மாறாது, வண்டிக்காரனுக்குப் புரியும், நடந்து போறவன் சிரிப்பான். இது சட்டப்படி சரியான்னு கேட்டா நான் வக்கீல் இல்ல.

கண்காட்சி விஷயத்துக்கு வரேன். குரோஷியா நாட்டுல ஜாக்ரெப்ல 'முறிஞ்ச உறவுகள் மியூசியம்'னு ஒண்ணு இருக்கு, 2006ல ஊர் ஊராப் போற கண்காட்சியா ஆரம்பிச்சு 2010ல நிரந்தரமா ஒரு எடத்துல உக்காந்துச்சு. அங்க ஒரு கோடாலி இருக்கு. சும்மா கோடாலிதான், எந்தக் கடையிலயும் கிடைக்கும். பக்கத்துல எழுதி வெச்சிருக்கறதைப் படிச்சாத்தான் தெரியும், விட்டுட்டுப் போன காதலியோட மேஜை நாற்காலியை எல்லாம் ஒருத்தர் இதாலதான் ஒவ்வொண்ணா வெட்டிப் போட்டாங்கன்னு. அங்க பொருள்னு ஒண்ணுமே இல்ல சார், அந்தக் குறிப்புதான் கண்காட்சியே. நீங்க கோடாலியைப் போட்டு "வினோத மியூசியம்"னு எழுதினா வாசகனுக்கு என்ன போய்ச் சேரும்?

பாஸ்டன் பக்கம் இருக்கிற 'மோசமான ஓவியங்களுக்கான மியூசிய'த்தையும் "சிரிப்பா சிரிக்குது"ன்னு நாலு வரியில முடிச்சிட்டீங்க. அவங்க முதல் படம் குப்பையில இருந்து எடுத்தது. ஆனா வேணும்னே கேவலமா வரைஞ்சதை அவங்க எடுத்துக்க மாட்டாங்க, வரைஞ்சவர் மனசார முயற்சி பண்ணி எங்கயோ கை நழுவிப் போயிருக்கணும், அதான் கண்டிஷன். 1996ல அங்க இருந்து ஒரு படம் திருடு போச்சு, கண்டுபிடிச்சுக் குடுத்தா ஆறரை டாலர் பரிசுன்னு அறிவிச்சாங்க. இந்த ஒரு தகவலைப் போட்டிருந்தாலே அந்தப் பக்கத்துக்கு உயிர் வந்திருக்குமே.

இப்படி விவரம் எதுவும் இல்லாம போடற நீங்க, மௌரிசியோ கட்டெலான்ங்கற கலைஞர் சுவத்துல டேப் போட்டு ஒட்டின வாழைப்பழத்துக்கு மட்டும் எத்தனை தரம் எடம் குடுத்தீங்க! 2019ல வந்தப்ப ஒண்ணு, ஒருத்தர் பிச்சுத் தின்னப்ப ஒண்ணு, 2024ல 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனப்ப பெரிய எழுத்துல ஒண்ணு. விலையைச் சொன்னீங்க. வாங்கினவர் நிஜமா காசு குடுத்தது அந்தப் பழத்துக்கு இல்ல, ஒரு சான்றிதழுக்கும், எந்த உயரத்துல ஒட்டணும், அழுகினா எப்படி மாத்தணும்ங்கற குறிப்புக்கும்தான்னு சொல்லவே இல்ல. அங்கதானே சிரிப்பே இருக்கு!

எடம் இல்லன்னு சொல்வீங்க. "கண்களைக் கொள்ளை கொள்ளும்", "பார்ப்போரை வியப்பில் ஆழ்த்தும்" ரெண்டையும் எடுத்துட்டா ஒரு பேரு, ஒரு ஊரு, ஒரு வருஷம் தாராளமா உக்காரும். யாருன்னு தெரியலைன்னும் சொல்ல வேண்டாம், படத்தைக் கூகிள்ல போட்டுத் தேடினா முக்கால்வாசி ஆளுங்க ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுவாங்க. 1998ல இருந்து தெருச் சுவத்துல சின்னச் சின்ன டைல்ஸ் ஒட்டி உருவம் பண்ணிக்கிட்டு இருக்கிற இன்வேடரும் சரி, தெரு ஓவியர் பேங்க்ஸியும் சரி, மூஞ்சியையும் சொந்தப் பேரையும்தான் மறைக்கிறாங்க, படத்துக்கு வெச்சுக்கிட்ட பேரை மறைக்கல.

அந்த ரெண்டாவது தேனீ போட்டோவை இந்த வாரம் 'திருத்தம்' பகுதியிலயாவது போடுங்க. சின்னதாப் போட்டாலும் பரவாயில்ல, அதுல எப்படியும் பொம்மையைத் தேடத்தான் வேணும்.

இப்படிக்கு,
எறும்பு வரைஞ்ச உங்க வாசகன்