வெயில் ஏறும் முன் வண்ணத்துப்பூச்சியைப் படமெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கிச் செடிகொடிகள் தழைத்துவிட்டால், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கேமராவோடு வரும் குழுக்கள் பெருகிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணை காப்புக்காட்டில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் 2015-இல் திறக்கப்பட்ட பூங்கா இது. நூறுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் இங்கே பதிவாகியுள்ளன. ஆனால் படமெடுக்க வருபவர்களில் பலர் முற்பகல் பதினொரு மணிக்கு மேல் வந்து, வெயிலில் பூச்சிகளைத் துரத்தி, மங்கலான படங்களோடு திரும்புகிறார்கள். ஓடுகிற ஓட்டத்தில் செடிகளும் மிதிபடுகின்றன. இரண்டுக்கும் காரணம் நேரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது எங்கள் கருத்து.

வண்ணத்துப்பூச்சிக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மார்புத் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது நன்றாகப் பறக்க முடியும். மார்கழி விடியலில் திருச்சியில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் முதல் வெயில் விழும் இலையில் இறக்கையை விரித்து அசையாமல் குளிர்காயும். சில வகைகள் இறக்கையை மூடி, பக்கவாட்டை வெயிலுக்குக் காட்டும். அந்த நேரத்தில் அருகில் போனாலும் சட்டென்று பறக்காது. வெளிச்சமும் சாய்வாக, மென்மையாக விழும். வெயில் ஏறிய பின் தசை சூடாகிவிடும், பூச்சி ஓர் இடத்தில் நிற்காது. நண்பகலில் பல நிழலுக்குள் போய்விடும், வெளியில் இருப்பதன் இறக்கையிலோ வெயில் பட்டுப் பளபளப்பு அடிக்கும். ஆகவே கதவு திறக்கும் மணிக்கே உள்ளே இருக்க வேண்டும், முதல் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தெளிவு. பலரும் லென்ஸைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பிழை கோணத்தில் இருக்கிறது. ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) கொண்ட கேமராவில் எலுமிச்சை அழகி போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சியைச் சட்டகம் நிறைய எடுத்தால், எஃப் 8-இல் (இது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சுருங்கும், ஆழம் கூடும்) தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்த இறக்கைக்குக் கேமரா இணையாக இல்லாமல் பத்து டிகிரி சாய்ந்தாலே, இறக்கையின் ஒரு நுனி மறுநுனியைவிட ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அது எப்படி அடங்கும்? ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் புகை. எனவே முதலில் உடம்பை வளைத்து, மண்டியிட்டு, லென்ஸின் முகப்பு இறக்கையின் தளத்துக்கு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். இறக்கையின் ஓரம் சற்று மங்கினாலும் படம் நிற்கும், கண் மங்கினால் நிற்காது.

புல்லில் தாழப் பறக்கும் நீலன் வகைகளில் கணக்கு இன்னும் கடினம். நகத்தளவு உடலைச் சென்சாரில் அசல் அளவுக்கே பதிய வைத்தால், எஃப் 8-இல் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். எஃப் 11 வரை போகலாம். எஃப் 16-க்கு மேல் போனால் அந்த உருப்பெருக்கத்தில் ஒளி சிதறி, முழுப் படமும் மென்மையாகிவிடும். கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை 800, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பின்னர் மென்பொருளில் குறைத்துவிடலாம், நடுங்கிய படத்தைச் சரிசெய்ய வழியில்லை.

கறுப்பு இறக்கையும் சிவப்பு உடலும் கொண்ட சிவப்புடல் அழகியில் இன்னொரு சிக்கல் உண்டு. சட்டகத்தில் கறுப்பு நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதில் சிவப்பு வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) மூன்றில் இரண்டு படி குறைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு வரைவு வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு: கேமராவோடு வாங்கிய 55–250 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். அதன் முன்னால் +2 பவர் குளோஸ்-அப் லென்ஸை (உருப்பெருக்கும் கண்ணாடியை) திருகி, ஜூமை 250-இல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தினால் பூச்சி அரை மீட்டர் தொலைவில் தெளிவாகும். அப்போது கிடைப்பது அரை உருப்பெருக்கம் (சென்சாரில் அசல் அளவில் பாதி), பெரும்பாலான வகைகளுக்கு அதுவே தாராளம். செல்பேசியில் ‘மேக்ரோ’ வேண்டாம். அது பெரும்பாலும் அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும், பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் வரை போக வேண்டிவரும். செல்பேசியின் நிழல் விழுந்ததும் பூச்சி பறந்துவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமில் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதே மேல். கேமராவோ கைபேசியோ, நிழல் பூச்சியின் மேல் கடக்கக் கூடாது. வெயில் முதுகுக்குப் பின்னால் நேராக இல்லாமல் ஒரு தோள்பட்டைப் பக்கம் இருக்கட்டும்.

துரத்துவதைவிடக் காத்திருப்பது பலன் தரும். எங்கே காத்திருப்பது என்பதைச் செடியே சொல்லிவிடும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றின் காய்ந்த, காயம்பட்ட பாகங்களில் நீல வரியன்களின் ஆண்கள் கூட்டமாக மொய்க்கும். இனச்சேர்க்கைக்கான வாசனைப் பொருளை உண்டாக்கத் தேவையான ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் அந்தச் செடிகளில் உண்டு. உறிஞ்சத் தொடங்கிவிட்டால் நெடுநேரம் நகராது. ஈர மணலில் உப்பு உறிஞ்சும் கூட்டமும் அப்படித்தான். அங்கே கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள், பின்னணி தானாகவே மென்மையாகும். எருக்கில் வெந்தய வரியனும், ஈஸ்வரமூலியில் ரோஜா அழகி, சிவப்புடல் அழகி ஆகியவையும் முட்டையிடும். அந்தச் செடிகளின் இலையடியில் புழு இருக்கிறதா என்று தொடாமல் குனிந்து பார்த்தாலே போதும்.

எங்களை வருத்தும் செய்கைகள் சில. வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சோர்வடையச் செய்து படமெடுப்பது, இறக்கையை விரலால் பிடிப்பது, படத்துக்காகப் பூவின் மேல் சர்க்கரைநீர் தெளிப்பது. இறக்கையிலிருந்து உதிர்ந்த செதில் மீண்டும் முளைக்காது. சர்க்கரைநீர் எறும்பைக் கூட்டும், எறும்பு முட்டையையும் புழுவையும் தூக்கிப் போகும். இடையூறாக இருக்கிறது என்று கிளையை ஒடிக்கும்போது, பட்டு இழையால் தண்டில் கட்டுண்டு தொங்கும் கூட்டுப்புழுவும் சேர்ந்து போய்விடலாம். காய்ந்த இலையைப் போலவே இருப்பதால் அது கண்ணில் படாது. முப்பது பேர் ஒரே புதரைச் சூழ்வதும் வேண்டாம். ஒரு செடிக்கு இருவர், குழுவுக்கு ஐந்தாறு பேர் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் படம் கிடைக்கும்.

பூச்சிகள் ஒதுங்கியபின் நிலக்காட்சி எடுக்க விரும்புவோர், மாலையில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்குப் போகலாம். மேற்கே அகன்ற காவிரியின் மேல் சூரியன் இறங்கும் காட்சிக்கு முக்காலி அவசியம். எஃப் 8 முதல் 11 வரை, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு நொடி டைமர், வானத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷர். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பூங்கா நிர்வாகத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை வார இறுதிகளிலாவது சூரிய உதயத்தை ஒட்டிக் கதவைத் திறக்கலாம். கூட்டுப்புழு தொங்கும் செடிக்கு அருகில் பணியாளர்கள் சிறு துணிக்கொடி கட்டிய குச்சி ஒன்றை நட்டு வைக்கலாம், பார்வையாளர் தள்ளி நிற்க அதுவே அறிவிப்பாகும். வேலியோரத்து எருக்கையும் நெருஞ்சியையும் களையென்று வெட்டாமல் விட வேண்டும். நீலன்களில் சில நெருஞ்சியிலும் முட்டையிடுகின்றன.

இப்படிக்கு,
இயற்கை ஒளிப்பட ஆர்வலர்கள்,
திருச்சி